தொட்டிலில் கிடந்த முன்சக்கரம்

நம்ம குரூப்பில் நீங்கள் எல்லோரும் அரசியல்காரர்களின் உளறல்களைத் தேடித் தேடிப் போடுகிறீர்கள். திறப்பு விழாவில் நாடாவுக்குப் பதிலாக மைக் வயரை வெட்டியவர், எதிராளிக்கே ஓட்டுக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டவர், நிற்கிற ஊரின் பெயரை மூன்று தடவை மாற்றிச் சொன்னவர். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள். என்னிடமிருந்து மட்டும் ஒன்றும் வராது. "ரிட்டயராகியும் டீச்சருக்குச் சிரிப்பு வரமாட்டேங்குது" என்று போன வாரம்கூட ஒருவர் எழுதியிருந்தார். சிரிப்பு வராமல் இல்லை. உங்கள் எல்லோரையும்விட எனக்குத்தான் அந்தப் பைத்தியம் முதலில் பிடித்தது; அது பிடித்த வீட்டில்தான் வளர்ந்தேன். ஆனால் அப்படி ஒரு வீடியோ ஓடும்போது இன்றைக்கும் என் கண் தானாக வாசல் பக்கம் போகிறது. யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்க்கிறேன்.

இதை எழுத வைத்தது வேறு விஷயம். போன மாதம் நம்ம தேயிலைத் தோட்டத்து லயத்தில், பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயாவின் மகளைக் குரூப்பில் சேர்த்தோம். அவள் வணக்கம் போட்ட அன்றைக்கே உங்களில் ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார்: "காட்டிக் குடுத்தவங்க குடும்பம்தானே? இவங்களையெல்லாம் எதுக்குச் சேத்தீங்க?" யார் என்று சொல்லமாட்டேன். அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். நம் எல்லோருக்கும் வீட்டில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அது பொய் என்று நம்மில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஐம்பது வருடத்துக்கு மேலாக வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இப்போது சொல்லப்போகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாமாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அம்மாவின் தம்பி, லயத்தில் எங்களோடு அதே ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தவர், தோட்டத்துத் தபால்காரர். காலையில் ஹல்துமுல்லை தபால் கந்தோருக்குப் போய்த் தோட்டத்துத் துரையின் பையையும், நம் ஆட்களுக்கு இந்தியாவிலிருந்து வரும் கடிதங்களையும் எடுத்து வருவார். போகும்போது ஏற்றம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். வரும்போது இறக்கம், மனிதர் பறப்பார்.

அந்தச் சைக்கிளில் மணி கிடையாது, மட்கார்ட் கிடையாது, லைட், ஸ்டாண்ட், செயின் மூடி ஒன்றும் கிடையாது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டார். ஒரு சட்டம், இரண்டு சக்கரம், ஹேண்டில், சீட், செயின், பெடல், ஒரே ஒரு பிரேக். "கழட்ட முடியாததுதான் சைக்கிள். மத்ததெல்லாம் நகை" என்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் படங்குச் சாக்கை விரித்து, அந்த மிச்சத்தையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, அடுப்பில் ரொட்டி வேகிற நேரத்துக்குள் திரும்பப் பூட்டிவிடுவார். அந்த மண்ணெண்ணெய் வாசத்தோடு தேங்காய்ச் சம்பல் வாசமும் சேர்ந்து வரும். எனக்கு அந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஞாயிற்றுக்கிழமை.

மணி இல்லாத சைக்கிள் வளைவில் எப்படி வரும் என்று கேட்பீர்கள். நீங்களும் கேட்டிருக்கிறீர்கள், மறந்திருப்பீர்கள். "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே, வழி விடுங்கள்" என்று மேடைக் குரலில் ஒரு சத்தம் வரும். கூடையோடு போகிற பெண்கள் சிரித்துக்கொண்டே பாதை ஓரம் ஒதுங்குவார்கள்.

அதுதான் அவருடைய இரண்டாவது பைத்தியம். பண்டாரவளையில் எந்தக் கட்சிக் கூட்டம் நடந்தாலும் போய் முன்வரிசையில் நின்றுவிடுவார். கொள்கை கேட்கப் போகவில்லை. யார் எங்கே உளறுகிறார் என்று பார்க்கப் போவார். சாயங்காலம் சைக்கிள் பம்பை வாய்க்கு நேரே மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு அதை அப்படியே செய்து காட்டுவார். எதிரே உட்கார்ந்து பார்க்கிற முதல் ஆள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவருக்கு முன்னாலேயே அடுத்த வரியைச் சொல்லிவிடுவேன்.

இப்போது அந்த மந்திரி ஐயா வந்த கதை. அவர் உண்மையில் மந்திரியா, மந்திரிக்கு வேண்டியவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜீப்பில் வந்தால் நமக்கு மந்திரி. கீழ் லயத்தில் ஒரு வயதான கங்காணி இறந்துபோனார். ஓட்டுக் காலம், அதனால் மந்திரி ஐயா மலர்வளையத்தோடு இழவுக்குப் புறப்பட்டு வந்தார். அதே நாள் மேல் லயத்தில் கணக்கப்பிள்ளை வீட்டில் பெரிய மகளுக்குச் சடங்கு. பெரிய மனுஷி ஆன பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்துப் பட்டுக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். டோபி வந்து பந்தலுக்குள் வெள்ளை கட்டிவிட்டுப் போயிருந்தார். நமக்கு நல்ல காரியத்துக்கும் வெள்ளைதான் கட்டுவோம். பெரிய ரோட்டு ஊர்களில் வெள்ளைத் துணியைக் கண்டால் சாவு வீடு என்று அர்த்தம். மந்திரி ஐயா பெரிய ரோட்டு ஆள். வெள்ளையைக் கண்டார், பந்தலைக் கண்டார், தப்பு மேளச் சத்தத்தையும் கேட்டார், ஜீப்பை நிறுத்தி நேரே உள்ளே போய்விட்டார்.

மலர்வளையத்தைப் பிள்ளையின் காலடியில் வைத்தார். வெட்கத்தில் தலை குனிந்திருந்த பிள்ளையின் தலையில் கை வைத்து, "அழாதம்மா" என்றார். பிறகு மைக்கை வாங்கி, "இந்தப் பிள்ளையின் தகப்பனைப் போல ஒரு மனிதர் இனிப் பிறக்கப்போவதில்லை" என்றார். அந்தத் தகப்பன் வரவேற்க வந்தவர், வெற்றிலைத் தட்டோடு அவருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. பின்னால் இரண்டு ஜீப் ஆட்கள் நின்றார்கள், யார் திறப்பார்கள்? கடைசியில் அவர் ஒரு நிமிட மௌனம் கேட்டார். பந்தல் முழுக்க எழுந்து நின்றது. கணக்கப்பிள்ளையும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தன் சாவுக்குத் தானே தலை குனிந்து நின்றார்.

நீங்களும் அங்கே இருந்தீர்கள். நம் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். மாமா பொத்தவில்லை. அவர் கண்ணைச் சிமிட்டாமல் ஒவ்வொன்றையும் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு கேட்கவா வேண்டும். லயத்தில் செய்தார், ஹல்துமுல்லை தேநீர்க் கடையில் செய்தார். அவர் செய்தால் மந்திரியின் தாடைகூட வந்துவிடும். கடைசியில் பண்டாரவளையில் எதிர்க்கட்சிக் கூட்டத்தில் மேடைக்கே ஏற்றிவிட்டார்கள். பம்பை எடுத்துக்கொண்டுதான் ஏறினார். சந்தைக்கு வந்த சனமெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம். அம்மா மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "இது வெளையாட்டு இல்லடா தம்பி. இங்கயும் சரி, இந்தியாவுலயும் சரி, நம்ம பேர நாட்டுக்காரங்கன்னு எழுதல. நம்மள அடிச்சா கேக்க யாரு இருக்கா?" என்றார். மாமா, "சிரிச்சதுக்கு யாரும் அடிப்பாங்களாக்கா?" என்று கேட்டார்.

நான்கு நாளில் செய்தி வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் போஸ்டர் கிழித்த ஒருவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், கால் இரண்டையும் உடைத்து ரோட்டில் போட்டிருந்தார்கள். அதே ஜீப் ஹல்துமுல்லையில் விசாரித்ததாம்: மணி, மட்கார்ட் ஒன்றும் இல்லாத மொட்டைச் சைக்கிளில் ஒருத்தன் வருவானே, எந்தத் தோட்டம்? அந்த மலையில் அப்படி ஒரு சைக்கிள்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பயம் என்று ஒரு சொல்லில் சொன்னால் போதாது. அம்மா சத்தத்தைக் கொண்டே வண்டியைச் சொல்வார். தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி வளைவில் இரண்டு தடவை கியர் மாற்றும், துரையின் கார் மாற்றாது, ஜீப் உறுமிக்கொண்டு ஏறும். நானும் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே காது ரோட்டில் இருக்கும். உறுமல் கேட்டால் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வெளியே ஓடுவேன். வளைவில் மேடைக் குரல் நின்றுபோனது. மாமா தபாலுக்கு நடந்துதான் போனார், நடந்துதான் வந்தார், அதுவும் தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதையில். போகாதே என்று அம்மா மன்றாடினார். போகாவிட்டால் வேலை போய்விடும், வேலை போனால் காம்பராவும் போய்விடும்.

சைக்கிளை அவர் ஒரு மத்தியானத்தில் கடைசித் தடவையாகக் கழற்றினார். சட்டம் விறகுக்கு அடியில் போனது. பின்சக்கரம் பரணில். செயின் அரிசித் தகரத்துக்குள். முன்சக்கரத்தை அம்மா படங்கில் சுற்றிப் பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டுபோய், கொழுந்துக்குப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற நம் ஆயாவிடம் கொடுத்தார். ஆயா ஒரு கேள்வி கேட்கவில்லை. பம்பை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நான் அதைப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு பாடம்தான். "சைக்கிளப் பத்தி யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும்." மாமாவைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அவர்கள் தேடுவது சைக்கிளைத்தான் என்று நான் மனதார நம்பினேன். பெரியவர்கள் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

அந்த நாளுக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் விட்டு நானும் ஆயாவின் மகளும் வழக்கம்போலப் பிள்ளைக் காம்பராவுக்கு வந்துவிட்டோம். அவள் வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் வெளியே வேலியோரம் உட்கார்ந்திருந்தேன். உறுமல் கேட்டது. நான் எழுவதற்குள் அது வளைவைத் தாண்டி வந்துவிட்டது. ஜீப் அங்கேயே நின்றது, இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

காம்பரா ஜன்னலின் கம்பி வலை வழியாக எனக்கு உள்ளே எல்லாம் தெரிந்தது. ஆறு சேலைத் தொட்டில்கள் தொங்கின. கடைசித் தொட்டிலின் கயிற்றில் வேப்பிலை கட்டியிருந்தது. ஆயா அதை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"சைக்கிள்காரன் எங்க?" என்றார் பச்சை ஸ்வெட்டர்.

"இங்க எல்லாரும் நடந்துதாங்க போறது. மலையில சைக்கிள் எதுக்கு?"

"தொட்டில்ல என்னா?"

"பிள்ளைங்க. இதுல கெடக்குறதுக்கு அம்மை போட்டிருக்கு. உள்ள வராதீங்கய்யா, உங்க வீட்டுலயும் பிள்ளை குட்டி இருக்கும்."

அவர் ஒரு காலை உள்ளே வைத்தார். ஆயா ஆட்டுவதை நிறுத்தவில்லை. தொட்டில் போய்வரும்போது சக்கரக் கம்பி தட்டுகிற சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது. மண்ணெண்ணெய் வாசம்கூட வந்தது போல இருந்தது. அவருக்கும் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். அவர் வேப்பிலையைப் பார்த்தார், காலை வெளியே எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குப் பயம் விட்டுப்போனது. சைக்கிள் தப்பித்துவிட்டது, அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர்கள் என்னைக் கண்டு சிரித்தார்கள்.

"பாப்பா, உங்க வீட்டுல சைக்கிள் இருக்கா?"

"இல்லீங்க. எங்ககிட்ட சைக்கிளே இல்லை" என்றேன், பாடத்தைச் சரியாக ஒப்பித்த பெருமையோடு.

"சரி, போகட்டும். மந்திரி சாவு வீட்டுக்கு வந்த கதைய யாரோ இங்க நல்லா செஞ்சு காட்டுவாங்களாமே. உனக்குத் தெரியுமா?"

தெரியுமாவா. மாமாவுக்கு அடுத்து அதை எனக்குச் சமமாகச் செய்ய அந்த மலையில் யார் இருந்தார்கள்? புத்தகப் பையிலிருந்து பம்பை எடுத்தேன். மலர்வளையம் வைத்தேன், தலையில் கை வைத்தேன், அழாதம்மா என்றேன், தாடையை இழுத்துக்கொண்டு பேச்சைப் பேசினேன். அவர்கள் ஜீப்பில் சாய்ந்துகொண்டு அப்படிச் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் ஒரு நிமிட மௌனம். பம்பை இறக்கித் தலையைக் குனிந்து நின்றேன். மனதுக்குள் அறுபது வரை எண்ணினேன். நிமிர்ந்தபோது இருவரும் சிரிக்கவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தா?" மெதுவாகத்தான் கேட்டார்.

"மாமா."

"மாமா இப்ப எங்க?"

என்னமோ தப்பாகிவிட்டது என்று தெரிந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்கவும் பயம், பொய் சொல்லவும் பயம். "தபாலுக்குப் போயிருக்காரு. கோயில் பக்கம் குறுக்குப் பாதையில வருவாரு" என்றேன். அவர் என் கையில் ஒரு இனிப்பை வைத்தார். திரும்பினபோது கம்பி வலைக்குப் பின்னால் ஆயாவின் முகம் தெரிந்தது. கை மட்டும் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தது.

மாமாவைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே பார்க்கிற மாதிரி இல்லை. தபால் பையை மட்டும் வயிற்றோடு அணைத்து விடாமல் வைத்திருந்தார். பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்கு, அம்மா வெந்நீர் பிடிக்கப் போன நேரத்தில், அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஒரு நிமிசம் முழுசா நின்னியாமே? அடிக்கிறப்ப அவங்களே சொன்னாங்க."

நான் தலையை ஆட்டினேன். கண்ணீர் மூக்கு வழியாகவும் வந்தது.

"நானே அவ்வளவு நேரம் நின்னதில்ல" என்றார். சிரிக்கப் பார்த்தார், வாய் பாதியில் நின்றது. "யாருகிட்டயும் சொல்லாத. அக்கா தாங்கமாட்டா."

நான் சொல்லவில்லை. இதற்குள் லயம் தானாகவே ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. ஜீப் பிள்ளைக் காம்பரா வாசலில்தான் நெடுநேரம் நின்றது. ஆயாவோடு பேசிவிட்டு நேரே கோயில் பாதைக்குத்தான் போனது. வேறு என்ன சாட்சி வேண்டும்? காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் பெண்கள் ஆயாவைக் கண்டு காறித் துப்பினார்கள். பீலியில் அவர் குடம் வைத்த இடத்தைக் கழுவிவிட்டுத் தங்கள் குடத்தை வைத்தார்கள். ஒவ்வொருவராகப் பிள்ளைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். முதலில் எடுக்கச் சொன்னது என் அம்மாதான். நம் விளையாட்டில்கூட ஆயாவின் மகளை நாம் சேர்க்கவில்லை. நான்தான் முதலில் "நீ வராத" என்றேன். உங்களுக்கு மறந்திருக்கலாம், அவளுக்கு மறந்திருக்காது.

ஆயா யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது சின்னப் பிள்ளை செய்த வேலை என்று கையை நீட்டினால் போதும். நான் ஒவ்வொரு நாளும் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். ஜீப்புக்குப் பயந்ததைவிட அதிகமாக ஆயாவின் வாய்க்குப் பயந்தேன்.

பிறகு ஆயாவும் மகளும் எல்ல என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துக்கு, ஆயாவின் தங்கை வீட்டுக்குப் போக முடிவு செய்தார்கள். கொழுந்து லொறியில் இரண்டு மூட்டை ஏறியது. வழியனுப்ப ஒரு நாய்கூட வரவில்லை. நான் மட்டும் வேலிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். ஆயா கண்டுவிட்டார். இறங்கி வந்து குனிந்து என் காதருகில் சொன்னார்: "கடைசித் தொட்டில இன்னும் அவுக்கல. சக்கரம் அதுலதான் கெடக்கு. அம்மாகிட்டச் சொல்லி எடுத்துக்கச் சொல்லு." போகத் திரும்பியவர் நின்றார். "பயப்படாத. நான் ஒண்ணும் பாக்கல."

லொறி வளைவில் இரண்டு தடவை கியர் மாற்றியது. நான் பிள்ளைக் காம்பராவுக்குள் போனேன். வேப்பிலை காய்ந்து சருகாகத் தொங்கியது. சேலையை அவிழ்த்தால் சக்கரம், துரு ஒரு பொட்டு இல்லை, துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசி வைத்திருந்தார். அதைப் பார்த்த யாருக்கும் புரிந்துவிடும்: இப்படிப் பாதுகாத்தவள் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள். அப்படியானால் யார் என்று அடுத்த கேள்வி வரும். நான் அந்தச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு பின்பக்கம் போய், பள்ளத்தில் விட்டேன். தேயிலைச் செடிகளில் மோதி, கல்லில் துள்ளி, கீழே ஓடை வரைக்கும் அது போன சத்தம் எனக்குக் கேட்டது. பம்பையும் பின்னாலேயே எறிந்தேன்.

"ஆளக் காட்டிக் குடுத்ததும் இல்லாம சக்கரத்தையும் கொண்டு போயிட்டா" என்றார் அம்மா. சாகும்வரை அப்படித்தான் சொன்னார். மாமா திரும்பி வந்து சட்டத்தையும் பின்சக்கரத்தையும் வாசலில் வைத்துப் பார்த்தார். முன்சக்கரம் இருந்தாலும் அந்தக் கையால் பிரேக் பிடித்திருக்க முடியாது. ஆயா போன காரணத்தையும் கேட்டார். என் பக்கம் ஒரு தடவை திரும்பினார், பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவரும் வாய் திறக்கவில்லை. எனக்காகத்தான் மூடினார் என்று அப்போது நன்றியாக இருந்தது. இப்போது நினைத்தால் அவர்மேல் கோபம் வருகிறது. அடுத்த வருடம் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினவர்களோடு கப்பலில் போனார். அங்கே யாரையும் செய்து காட்டினாரா என்று ஒரு கடிதத்திலும் எழுதவில்லை.

இதுதான் நடந்தது. எனக்குத் தனியாக எழுதியவர் இனி என்னைக் குரூப்பிலிருந்து எடுக்கச் சொல்லலாம்.

ஆயாவின் மகளே, இனி உனக்கு மட்டும். அம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, காது மந்தம் என்று எழுதியிருந்தாய். பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சத்தமாக வாசித்துக் காட்டு. சக்கரத்தைத் திருடியவள் உன் அம்மா இல்லை என்ற இடத்தை இரண்டு தடவை வாசி. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் எல்லவுக்கு வருகிறேன். ஆயா மன்னிக்கமாட்டார் என்ற பயம் இல்லை. என்னைக் கண்டதும் மறுபடியும் "நான் ஒண்ணும் பாக்கல" என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம். சொல்ல விடாதே. பார்த்ததைச் சொல்லச் சொல்லு, உன் முன்னால், நான் நின்றுகொண்டே கேட்கிறேன்.